பழைய டர்போ காரில் ஐடிலிங் உதறலும் பிக்கப் குறைவும்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

இந்த வழிமுறை, இன்ஜெக்டர் மூலம் எரிபொருள் செலுத்தும் பழைய பெட்ரோல் டர்போ கார்களுக்கானது. டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. டர்போ இல்லாத காரில் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) சரியில்லை என்றால் தேட வேண்டிய இடங்கள் குறைவு. டர்போ காரில் அவற்றோடு ஏர் ஃபில்டரில் தொடங்கி டர்போ, இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), த்ராட்டில் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் கதவு) வழியாக இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) வரை செல்லும் நீண்ட குழாய்த் தொடரும், அதிலிருந்து பிரியும் மெல்லிய வேக்கம் (வெற்றிட) ஹோஸ்களும் சேர்ந்துகொள்கின்றன. டர்போவின் வெப்பம் அந்த ரப்பரைப் பல ஆண்டுகள் வாட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும் ஹோஸ், விரலால் மடக்கிப் பார்த்தால் உட்புற வளைவில் வாய் பிளப்பதை பல பழைய டர்போ கார்களில் காணலாம்.

இந்த எஞ்சினைப் பொறுத்தவரை மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் இருக்கும். டர்போ முழு வேகத்தில் சுழலும்போது அதே மேனிஃபோல்டில் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தம், அதாவது பூஸ்ட், இருக்கும். ஆகவே மேனிஃபோல்டில் உள்ள ஒரே விரிசல் ஐடிலிங்கில் காற்றை உள்ளே உறிஞ்சும், பூஸ்ட்டில் காற்றை வெளியே தள்ளும். எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று ஊகிக்கத் தொடங்குவதற்கு முன், கோளாறு எந்த நேரத்தில் வருகிறது, எந்த நேரத்தில் மறைகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதைச் செய்யாமல் பிளக், காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது), சென்சார் என்று வரிசையாகப் புதிது வாங்கி மாட்டுவது பணத்தைக் கரைக்கும் வழியே தவிரப் பழுதை நீக்கும் வழி அன்று.

தொடங்கும் முன்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். இதற்குக் கீழே இருந்தால் காயிலும் இன்ஜெக்டரும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். எனவே முதலில் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் ஒயரையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட பொதுவான ஸ்கேனர் இணைப்பு உங்கள் காரில் இருந்தால், பதிவான பிழைக் குறியீடுகளை அழிக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய கார்களில் பலவற்றில், குறிப்பிட்ட இரு முனைகளை இணைத்து, எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணிக் குறியீட்டை அறியும் முறை உண்டு. அது அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஓட்டும்போது எஞ்சின் விளக்கு தொடர்ந்து மினுக்கினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் சென்று அதைச் சூடேற்றிக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் காரை ஓட்டிச் சோதிக்க வேண்டாம்.

அறிகுறி: ஐடிலிங்கில் உதறுகிறது, ரேஸ் கொடுத்தால் சரியாகிறது

பழைய டர்போ காரில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். பெரும்பாலும் காரணம் வேக்கம் லீக், அதாவது வெளிக்காற்று மேனிஃபோல்டுக்குள் கசிந்து நுழைவது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதோடு ஒப்பிட்டால் ஒரு சிறு ஓட்டை வழியே வரும் காற்றும் பெரிய பங்காகிவிடும். ரேஸ் கொடுக்கும்போது த்ராட்டில் வழியாக வரும் காற்று பெருகுவதால் அதே ஓட்டையின் பங்கு அற்பமாகிறது, எஞ்சினும் சீராகிவிடுகிறது.

ஸ்கேனர் இருந்தால் இதை எண்ணிலேயே காணலாம். ஃபியூல் ட்ரிம், அதாவது எஞ்சினின் கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் எரிபொருள் திருத்தம், ஐடிலிங்கில் கூட்டல் 15 அல்லது 20 சதவீதத்தைக் காட்டி, 2,500 ஆர்.பி.எம்மில் கூட்டல் 5-க்குள் இறங்கினால், அளக்கப்படாத காற்று எங்கோ நுழைகிறது என்பது ஏறக்குறைய உறுதி. மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூடக் கூட்டல் அளவும் ஏறினால், அது காற்றுக் கசிவு அன்று; பெட்ரோல் போதிய அளவில் வரவில்லை அல்லது காற்றளவு சென்சார் குறைத்துச் சொல்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்தக் கணக்கு, ஏர் ஃபில்டர் அருகே காற்றின் அளவையே அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்குத்தான் பொருந்தும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் கார்களில், கசிவால் உயர்ந்த அழுத்தத்தைக் கண்டு கணினி அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடும். அங்கே உதறலைவிட, ஐடிலிங் வேகம் தேவைக்கு மேல் ஏறி நிற்பதே கசிவின் அடையாளம்.

ஸ்கேனர் இல்லையென்றால் வேக்கம் கேஜ் ஒன்று போதும். மேனிஃபோல்டில் இணைத்தால், நல்ல நிலையில் உள்ள எஞ்சின் கடல் மட்டத்தில், சூடான பின், 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவை அசையாமல் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் குறைவது இயல்பு. முள் தாழ்வாக, ஆனால் அசையாமல் நின்றால் கசிவு அல்லது டைமிங் (தீப்பொறியோ வால்வுகளோ இயங்கும் நேரம்) பின்தங்கியிருத்தல். சீரான இடைவெளியில் முள் வெட்டி வெட்டி இறங்கினால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

கசிவைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி) காற்றை இன்டேக்குக்குத் திருப்பும் பி.சி.வி. அமைப்பு. டர்போ காரில் இதற்கு இரண்டு பாதைகள் உண்டு: ஐடிலிங்கில் ஆவி மேனிஃபோல்டுக்குச் செல்லும், பூஸ்ட்டில் அந்தப் பாதையை ஒரு செக் வால்வு அடைத்துவிட, ஆவி டர்போவின் நுழைவாயை நோக்கிச் செல்லும். இந்தச் செக் வால்வு விலை மலிந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. அது கெடுவதால் வரும் தொல்லையோ பெரிது. மூடாமல் போனால் பூஸ்ட் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் புகுந்து, ஆயில் அளவுகோலைக் குழாயிலிருந்து மேலே தள்ளும், சீல்களின் வழியே ஆயிலைக் கசிய வைக்கும். சோதிப்பது எளிது: கழற்றி வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறக்க முயலும்போது அது பலமாக உறிஞ்சிப் பிடித்துக்கொண்டாலோ, எஞ்சினிலிருந்து விசில் போன்ற சத்தம் வந்து மூடியைத் திறந்ததும் நின்றாலோ, பி.சி.வி. வேக்கத்தைக் கட்டுப்படுத்தாமல் திறந்தே கிடக்கிறது.

அடுத்தது, ஆக்சிலேட்டரை விட்டதும் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றும் பைபாஸ் வால்வு. அதற்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்திருந்தால், அதை இயக்கும் மெல்லிய ஹோஸ் வழியாகவே ஐடிலிங்கில் காற்று நுழையும், பூஸ்ட்டில் அழுத்தமும் வடியும். அந்த ஹோஸைக் கழற்றி விரலால் அடைத்தவுடன் ஐடிலிங் சீரானால் குற்றவாளி கிடைத்துவிட்டது. ஒரு கைப்பம்பால் வால்வுக்கு வேக்கம் கொடுத்து, அளவு இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான வழி. மேனிஃபோல்ட் வேக்கத்தைக் கொண்டு பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டரையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்: எஞ்சின் ஓடும்போது பிரேக் பெடலை மிதித்துப் பிடித்தால் ஐடிலிங் மாறி, சீறல் கேட்டால் அதன் டயாஃப்ரம் போய்விட்டது. இது ஐடிலிங்கோடு நிற்கும் விஷயம் அன்று, பிரேக்கின் பாதுகாப்பைப் பற்றியது, தள்ளிப்போடக் கூடாது.

இவற்றிலும் கிடைக்கவில்லையென்றால் புகைச் சோதனையே சிறந்தது. இன்டேக்குக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் அது கசியும் இடத்தைத் தானாகவே காட்டும். கார்புரேட்டர் கிளீனரைச் சூடான எஞ்சின் மீது பீய்ச்சி, வேகம் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. டர்போவும் எக்ஸாஸ்ட்டும் சிவக்கச் சூடேறும் எஞ்சினில் அது தீயை விருந்துக்கு அழைப்பது, வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: ஐடிலிங் ஏறி இறங்குகிறது, அல்லது நின்றுவிடுகிறது

ஆக்சிலேட்டரைத் தொடாமலே ஆர்.பி.எம். முள் 800-க்கும் 1,500-க்கும் இடையே ஊசலாடினால், கசிவால் வேகம் ஏறுகிறது, த்ராட்டில் மூடியிருக்க வேகம் அதிகம் என்று கண்ட கணினி பெட்ரோலை நிறுத்துகிறது, வேகம் விழுந்ததும் மீண்டும் கொடுக்கிறது என்ற சுழற்சி நடக்கிறது. கசிவில்லை என்று உறுதியான பின் த்ராட்டில் பாடியின் ஓரத்தில் படிந்த கரியையும், ஐடில் கண்ட்ரோல் வால்வையும் சுத்தம் செய்யலாம். சுத்தம் செய்த பின் சில கார்களில் ஐடிலிங் அளவைக் கணினிக்கு மறுபடியும் கற்பிக்க வேண்டியிருக்கும்.

கியர் மாற்றும்போதோ சிக்னலில் நிற்க வரும்போதோ மட்டும் எஞ்சின் தள்ளாடி நின்றால், யாரேனும் பைபாஸ் வால்வை வெளிக்காற்றில் சீறும் வகைக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அளந்துவிட்ட காற்றை வெளியே கொட்டினால், அந்தக் காற்றுக்கென்று கணக்கிட்ட பெட்ரோல் மட்டும் எஞ்சினுக்குள் சென்று மூச்சுத் திணற வைக்கும். சத்தம் கம்பீரமாக இருக்கலாம், கார் ஓடாது.

பெட்ரோல் நிரப்பிய உடனே ஸ்டார்ட் செய்யத் திணறுவதும், அடுத்த சில நிமிடங்கள் ஐடிலிங் கெடுவதும் தொடர்ந்து நடந்தால், டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. மின் இணைப்பைக் கழற்றிய நிலையில் அதன் வழியே காற்று போகக் கூடாது.

அறிகுறி: ஒரே சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது

மிஸ்ஸிங் என்றால் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவது. எக்ஸாஸ்ட் சத்தத்தில் சீரான இடைவெளியில் ஓர் அடி தவறுவது கேட்கும். பி0301 முதலான குறியீடுகளில் கடைசி எண், தவறும் சிலிண்டரைக் குறிக்கும். பி0300 என்றால் எந்த ஒன்றையும் சுட்டாமல் பரவலாகத் தவறுகிறது என்று பொருள். குறியீடு இல்லாத கார்களில் ஐடிலிங்கின்போது ஒவ்வோர் இன்ஜெக்டரின் இணைப்பாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றினால் எஞ்சின் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பிளக் ஒயரைக் கழற்றிச் சோதிப்பதைவிட இது காயிலுக்கும் கைக்கும் பாதுகாப்பு.

பிறகு அந்தச் சிலிண்டரின் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங் காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் முடிவு கிடைத்துவிட்டது. மாறவில்லையென்றால் பிளக்கையும், அதன் பின் இன்ஜெக்டரையும் அவ்வாறே மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமலே போகும்.

பிளக்கைக் கழற்றியதும் அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கீறியது போல மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கருங்கோடு ஓடினால், தீப்பொறி முனையில் பாயாமல் பீங்கானின் மேலாக இறங்கி உடம்பில் எர்த் ஆகியிருக்கிறது. காயிலின் ரப்பர் உறையிலும் அதே இடத்தில் கரிக்கோடு இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும், எனவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிளக் அமரும் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டை மாற்றாமல் இந்தத் தொல்லை தீராது.

அறிகுறி: ஐடிலிங் நன்று, ஆனால் பூஸ்ட் ஏறியதும் வெட்டி வெட்டி ஓடுகிறது

சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படும். தேய்ந்து அகன்ற பிளக் ஐடிலிங்கில் ஒழுங்காகப் பொறி விடும், பூஸ்ட்டில் அணைந்துபோகும். டர்போ கார்களில் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பார்கள்; உங்கள் எஞ்சினுக்குக் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. பெட்டியில் வரும் இடைவெளியை நம்பாமல் கேஜ் கொண்டு அளந்து மாட்டுங்கள். பிளக் புதிதாகியும் வெட்டு நிற்கவில்லையென்றால் காயிலைச் சந்தேகியுங்கள்.

வெட்டு என்பது சுவரில் மோதியது போலத் திடீரென வந்து, ஆக்சிலேட்டரைத் தளர்த்தியதும் மறைந்தால், அது மிஸ்ஸிங் அன்று. அளவுக்கு மீறிய பூஸ்ட்டைக் கண்டு கணினி பெட்ரோலைத் துண்டித்திருக்கிறது. பி0234 குறியீடும் இருக்கலாம். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கதவான வேஸ்ட்கேட்டின் ஆக்சுவேட்டருக்குச் செல்லும் ஹோஸ் கழன்றோ கிழிந்தோ இருக்கிறதா, வேஸ்ட்கேட் துருப்பிடித்து மூடியபடி சிக்கியிருக்கிறதா என்று பார்க்கும் வரை அழுத்தி ஓட்டக் கூடாது.

அறிகுறி: பிக்கப் இல்லை, சீறல் சத்தம் கேட்கிறது

பூஸ்ட் போதவில்லை என்ற பி0299 குறியீட்டைக் கண்டதும் டர்போவே போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். டர்போவைத் தொடும் முன் குழாய்களைப் பாருங்கள். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் இடையில் ஒரு கிளாம்ப் நழுவியிருந்தால், அளந்த காற்று வெளியேறிவிட, மிஞ்சிய பெட்ரோல் கரும்புகையாக வரும். இன்டர்கூலர் குழாய்களுக்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. அந்த ஆயில் ஓர் இணைப்பின் வெளிப்புறத்தில் தூசியோடு அப்பிக் கிடந்தால் அங்கேதான் கசிகிறது. உறுதி செய்ய, எஞ்சினை நிறுத்திவிட்டு டர்போவின் நுழைவாயை அடைத்து, ரெகுலேட்டர் மூலம் 5 முதல் 10 பி.எஸ்.ஐ. காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவுங்கள். பி.சி.வி. குழாயை அடைக்க மறந்தால் அந்த அழுத்தம் எஞ்சின் சீல்களின் மேல் விழும்.

டர்போவின் ஷாஃப்டை விரலால் அசைத்துப் பார்க்கும்போது பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருப்பது, ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங்குக்கு இயல்பே. முன்னும் பின்னும் ஆட்டம் உணரப்பட்டாலோ, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விட்டாலும் பிக்கப் குறையும், ஏனெனில் டர்போவைச் சுழற்ற வேண்டிய வாயு வழியிலேயே போய்விடுகிறது. குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் சத்தம் அடங்கி, விரிசலைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இத்தகைய கசிவு இருந்தால், வாயுத் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகச் சொல்லும். கணினியும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும்.

அறிகுறி: கரும்புகை, பெட்ரோல் வாடை, சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

முதல் சந்தேகம், பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக்கும் ஃபியூல் பிரஷர் ரெகுலேட்டர். பழைய கார்களில் அது ஒரு வேக்கம் ஹோஸால் மேனிஃபோல்டோடு இணைந்திருக்கும். ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் நேராக இன்டேக்கில் சொட்டுகிறது. அடிப்படை அழுத்தம் 3 பார் உள்ள அமைப்பில், ஹோஸ் இணைந்த நிலையில் ஐடிலிங்கில் ஏறக்குறைய 2.5 பாரும், கழற்றினால் 3 பாரும் காட்டும். பூஸ்ட்டில், பூஸ்ட் அளவுக்கு ஈடாக அதுவும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பம்ப் தளர்ந்திருக்கிறது அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது. அந்த நிலையில் அழுத்தி ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும் அபாயம் உண்டு.

இரண்டாவது, கூலன்ட் வெப்பச் சென்சார். இரவு முழுதும் நின்ற காரில் ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் கூலன்ட் குளிர்ந்தே இருப்பதாகச் சென்சார் காட்டினால், கணினி குளிர் எஞ்சினுக்குரிய பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டரின் படிவு ஒட்டியிருந்தால், அதற்கென உள்ள கிளீனரை மட்டும் தெளித்து உலர விடுங்கள். துணியோ பிரஷ்ஷோ படக் கூடாது.

எல்லாம் சரி, ஆனாலும் ஓட்டம் சரியில்லை

இந்த நிலைக்கு வந்தவர் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவை) அளந்தாக வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதும் திறந்து வைத்து அளக்க வேண்டும். டர்போ எஞ்சின்களின் கம்ப்ரஷன் விகிதம் குறைவு என்பதால் எண் தாழ்வாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கிறதா என்பதே கேள்வி. தாழ்ந்த சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு அளக்கும்போது எண் ஏறினால் பழுது பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அளவில் தாழ்ந்து, வேக்கமும் தாழ்ந்திருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாவியிருக்கிறதா என்று குறிகளைப் பொருத்திப் பாருங்கள்.

2,500 ஆர்.பி.எம்மில் பிடித்து நிறுத்தும்போது வேக்கம் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போனால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியரை டிரைவில் போட்டு நிற்கும்போது மட்டும் கார் அதிர்ந்து, ட்ரிம், வேக்கம், மிஸ்ஸிங் எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தால், எஞ்சினைக் குறை சொல்லாமல் எஞ்சின் மவுண்டைப் பாருங்கள்.

எந்தப் பழுதை நீக்கினாலும் அதன் பின் பழைய ஃபியூல் ட்ரிம் பதிவுகளை அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் கசிவு இருந்தபோது கற்ற கூடுதல் பெட்ரோலைக் கணினி சில காலம் கொடுத்துக்கொண்டே இருக்கும்; சரியாக வேலை செய்த பின்னும் கரும்புகை வருகிறதே என்று மீண்டும் பாகங்களைக் கழற்றத் தொடங்குவீர்கள். அழித்துவிட்டு, ஐடிலிங், நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் மூன்றையும் கடந்த பின் எண்களைப் பார்த்தால், ட்ரிம் கூட்டல் கழித்தல் 10-க்குள் நிற்க வேண்டும்.